கிளிக்கு வெள்ளை போட்ட அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தியபோது, அச்சுப் பேஸ்ட் சூட்டில் காயும் வாசம் வந்தது. உள்ளே யாரோ கருப்புத் துணியில் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். போன காரியத்தை மறந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றேன். நீங்கள் எங்களை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது.

நாம் முதலில் சந்தித்தது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் சாம்பிள் ரூமில். இரண்டாயிரங்களின் நடுவில், துணியில் நேராகப் படம் அடிக்கும் டிஜிட்டல் பிரிண்டர் திருப்பூருக்கே புதிது. மாமனாரின் கம்பெனி மாடியில் ஒன்றை வாங்கிப் போட்டு, ஊரையே ஜெயித்த நினைப்பில் திரிந்தேன். அன்றைய ஆர்டர், கருப்பு டி-சர்ட்டில் பஞ்சவர்ணக்கிளிப் படம், முப்பது பீஸ். மேஜையில் உங்கள் சாம்பிளும் என்னுடையதும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. கையால் ஸ்கிரீன் வைத்து அடித்த உங்கள் கிளியில் ஆறு நிறம், என் கிளியில் ஒவ்வொரு இறகும் தெரிந்தது. அத்தனை பேர் முன்னால் நான் சொன்னேன்: "ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன் செஞ்சு, எப்பங்க முடிக்கிறது? இனி இதெல்லாம் யாருக்குங்க வேணும்?"

நீங்கள் உங்கள் சாம்பிளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனீர்கள். ஆர்டர் எனக்குக் கிடைத்தது.

டெலிவரிக்கு முதல் நாள் காலையில் மெஷினில் வெள்ளை மை அடைத்துக்கொண்டது. மற்ற நிறங்கள் வந்தன, வெள்ளை மட்டும் வரவில்லை. கருப்புத் துணியில் அடியில் வெள்ளை இல்லாவிட்டால் எந்த நிறமும் எடுபடாது. அடித்த கிளி துணியிலேயே காணாமல் போனது. மெக்கானிக் சென்னையிலிருந்து வர மூன்று நாளாகும் என்றார். மாமனார் மெஷினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இந்த ஆர்டர் ஒழுங்காப் போகோணும் கண்ணு. இல்லைன்னா மெஷினைத் திருப்பிக் குடுத்துட்டு ஊட்டு வேலையைப் பாத்துக்க" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

எனக்குத் தெரிந்து வெள்ளையைச் சுத்தமாக அடிப்பவர் நீங்கள் ஒருவர்தான். டி-சர்ட் பெட்டியோடு ஆட்டோவில் வந்து உங்கள் யூனிட் வாசலில் நின்றேன். உள்ளே நீளமான மேஜைகளில் நான்கு பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"ஏம்மா வாசல்ல நிக்கே? கிளி என்ன ஆச்சு?" என்றீர்கள்.

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் அதைக் கவனிக்காதது போல, "ஸ்கிரீன்ல ஏத்த கிளி உருவம் மட்டும் ஒரு ஃபிலிம் எடுத்துட்டு வா. அதுக்குள்ள ஸ்கிரீனைக் கழுவி வைக்கேன்" என்றீர்கள்.

முதல் டி-சர்ட்டில் நீங்கள் வெள்ளை அடித்தீர்கள். நான் அதை மாடிக்குக் கொண்டுபோய் மேலே நிறம் அடித்தேன். மை துளித்துளியாக உருண்டு வழிந்தது. திரும்பி ஓடி வந்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பேஸ்ட் கெட்டி. மை இறங்க இடமில்ல" என்று அதை இளக்கி, ஸ்கிரீனில் மெல்லிசாக இரண்டு தரம் இழுத்தீர்கள். இரண்டாவது டி-சர்ட்டில் நிறம் பிடித்தது, ஆனால் கிளி வெள்ளையை விட்டு ஒரு விரல் அளவு தள்ளி உட்கார்ந்தது. இது இங்கிருந்தபடி ஆகாது என்று, ஸ்கிரீனையும் டி-சர்ட் மாட்டும் பலகையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நீங்களே என் மாடிக்கு வந்துவிட்டீர்கள். என் மெஷின் தட்டின் அளவை உங்கள் பலகையில் பேனாவால் குறித்தீர்கள். மூன்றாவது சரியாக உட்கார்ந்தது.

பாதி முடிந்திருந்தபோது மாமனார் மேலே வந்தார். "இந்தம்மா யாரு கண்ணு?"

"வெள்ளை அடிக்க வந்திருக்கேன் ஐயா" என்றீர்கள், கையை நிறுத்தாமல்.

நான் வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். "இவங்க இல்லைன்னா இந்த ஆர்டர் இல்லீங்க மாமா. இவங்களைத்தான் நான் அன்னைக்கு வேண்டாம்னு பேசினேன்" என்றேன். அவர் ஒரு டி-சர்ட்டை வாஷிங் மெஷினில் போடச் சொல்லி, துவைத்து எடுக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். கிளியில் வெடிப்பு விழவில்லை. "அப்ப ரெண்டும் வேணுமாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கீழே போய், உங்களுக்குக் காபி அனுப்பினார்.

சரக்கு நேரத்துக்குப் போனது. மெஷின் என்னிடமே இருந்தது.

அதன்பிறகு இத்தனை வருஷம் நாம் கூட்டாளிகளும் இல்லை, போட்டியாளர்களும் இல்லை. இரண்டு நிறத்தில் ஆயிரம் பீஸ் என்று வந்தால் உங்களிடம் அனுப்பினேன். போட்டோ, இருபது பீஸ் என்று வந்தால் என்னிடம் அனுப்பினீர்கள். பிற்பாடு வந்த மெஷின்களில் வெள்ளை ஒழுங்காக வந்தது. நீங்களும் உங்கள் மகளும் ஆட்டோமேட்டிக் ஸ்கிரீன் மெஷின் போட்டீர்கள். அந்தத் திறப்பு விழாவில்தான் ஒரு நாளும் கேட்காத மன்னிப்பைக் கேட்டேன்.

"நீ சொன்னதுல பாதி சரிதான். இறகு இறகா எனக்கு வராது" என்றீர்கள். "ஆனா அன்னைக்கு உன் மேல எனக்கு என்னா கோவம் தெரியுமா? வீட்டுக்குப் போயி சாப்பிடக்கூட இல்ல." சொல்லிவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கேசரி தட்டோடு ஆடியது.

அவ்வளவு கோபத்தோடுதான் அன்று எனக்காக ஸ்கிரீனைக் கழுவினீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நேற்று ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து விளையாட்டுச் சட்டைக்கு வந்திருந்தார்கள். "எது நல்லதுங்க, ஸ்கிரீனா டிஜிட்டலா?" என்று கேட்டார்கள். எத்தனை பீஸ், என்ன துணி, எத்தனை தரம் துவைப்பீர்கள் என்று விசாரித்தேன். பிறகு, "இதுக்கு என் மெஷின் சரிப்படாதுங்க" என்று சொல்லி உங்கள் மகளின் நம்பரைக் கொடுத்தேன். அப்படிச் சொல்ல எனக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமாக இல்லை அக்கா. உங்களைத் தெரிந்திராவிட்டால் அந்த ஒரு வார்த்தை என் வாயில் வந்தே இருக்காது.