பாலம் கண்ணாடி என்றீர்கள்

டாரோ, இண்டியானா
ஜனவரி 22, 1998, வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு,

மார்சி எழுதுகிறேன். நான் சுகம். அரிசோனா வெயில் உங்கள் முட்டிவலிக்கு இதமாக இருப்பதாகக் கர்ட்டிஸ் சித்தப்பா போனில் சொன்னார். நீங்கள் பக்கத்தில் இருந்தும் போனை வாங்கவில்லை என்பது அவர் சொல்லாமலே புரிந்தது. அதனால்தான் கடிதம். எனக்கும் இதுதான் வசதி. பேசினால் பாதியை விழுங்கிவிடுவேன்.

இங்கே இன்றும் பனி. காலையில் ரேடியோவில் மாநிலம் முழுக்க உள்ள பள்ளிகளின் பட்டியலை வாசித்தார்கள். வடக்கே ஏரிப் பக்கம் எல்லாம் விடுமுறை, நடுவில் இரண்டு மணி நேரம் தாமதம், தெற்கே வழக்கம்போல். நம் டாரோ வரிசையின் கடைசியில் வருவதால், சின்ன வயதில் நான் ரொட்டியைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பேனே, இன்றும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இத்தனைக்கும் அந்தப் பட்டியலில் நம் ஊர் வரியை ரேடியோவுக்குச் சொல்லி அனுப்பியதே நான்தான்.

உங்களுக்குப் பதிலாகப் பஸ் கொட்டகையிலிருந்து ட்வைட்டை பஸ் விடலாமா, பள்ளிக்கு லீவு விடலாமா என்று விடியற்காலையில் சாலை பார்க்க அனுப்புகிறார்கள். அவர் மகா பயந்தாங்கொள்ளி. லொரீன் சொல்கிறாள்: “வானத்துலேருந்து சர்க்கரை தூவினாக்கூட லீவுன்னு போன் பண்றான். இப்படியே போனா லீவு நாளையெல்லாம் கோடையில ஈடுகட்டி, பசங்க ஜூலை மாசம்தான் பாஸ் பண்ணிட்டு வெளிய வருவாங்க.” அவளுக்குக் கைக்கட்டு பிரித்தாயிற்று. எலும்பு கூடிவிட்டது. அடுத்த மாதம் மறுபடியும் பஸ் ஓட்டுவாளாம்.

அப்பா, எனக்கு ஒன்பது வயதில் நீங்கள் என்னைச் சாலை பார்க்கக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? முந்தின நாள் வகுப்பில் எல்லோரும் பைஜாமாவைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தலையணைக்கு அடியில் ஸ்பூன் வைத்துக்கொண்டு தூங்குவது என்று பேசிவைத்திருந்தார்கள். அப்படிச் செய்தால் பனி கொட்டுமாம். மற்ற பிள்ளைகள் வானத்தைக் கெஞ்சினார்கள். நான் அடுப்படியில் முட்டை பொரிக்கிற ஆளைக் கெஞ்சினால் போதும். அன்று கணக்குப் பரீட்சை. நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், “உன் பரீட்சைக்கும் என் ரோட்டுக்கும் என்னடி சம்பந்தம்? கோட்டை மாட்டு, நீயே வந்து பாரு” என்றீர்கள்.

கோல்டர் ஓடைப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பூட்ஸ் குதிகாலால் தரையைத் தேய்த்துக் காட்டினீர்கள். “கீழ காத்து ஓடுது பாரு, அதான் ரோடு நல்லாயிருந்தாலும் பாலம் முதல்ல உறையும்” என்றீர்கள். நானும் தேய்த்துப் பார்த்தேன், பொத்தென்று விழுந்தேன். நீங்கள் அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “சரி, இன்னிக்கு லீவு. உன் பின்பக்கமே முடிவு பண்ணிடுச்சு” என்று சொல்லி, பெட்ரோல் பங்க் வாசலில் இருந்த காசு போனிலிருந்து பள்ளி அலுவலகத்தைக் கூப்பிட்டீர்கள். அதற்குப் பிறகு ஓட்டலில் பான்கேக் வாங்கித் தந்தீர்கள். அம்மாவுக்கு இரண்டு கட்டி எடுத்துக்கொண்டோம். இந்த ஊரில் எனக்கு அதைவிடச் சந்தோஷமான காலை ஒன்று இருந்ததாக ஞாபகம் இல்லை.

அந்தப் போன் வந்து சேரும் மேசையில் ஒருநாள் நானே உட்காருவேன் என்று யார் நினைத்தார்கள்? நம் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். வேலை கிடைத்த அன்று பஸ் கொட்டகை முழுக்க டோனட் பெட்டியோடு போய், “என் பொண்ணு இனிமே எனக்கு மேலதிகாரி, ஜாக்கிரதையா பேசுங்கடா” என்று சொன்னீர்களாம். லொரீன் இன்றும் அதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்கிறாள்.

டிசம்பர் ஒன்பதாம் தேதியைப் பற்றி நாம் பேசவே இல்லை. நான் பேசுகிறேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் வந்தது. நீங்கள் சொன்னது இதுதான்: “மார்சி, பாலம் உறைஞ்சு கண்ணாடியா கிடக்கு. பஸ்ஸை விட வேணாம். ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாக்கலாம்.” ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. அப்போது பள்ளிகளின் கண்காணிப்பாளர் ஹாவர்கேம்ப் உள்ளே வந்தார். அந்தக் குளிர்காலத்தில் அதற்குள் நான்கு நாள் பனி விடுமுறையில் போயிருந்தது. பெற்றோர் திட்டி எழுதிய கடிதக் கட்டு அவர் கையில். “உங்கப்பா இன்னிக்கும் இழுத்து மூடச் சொல்றாராம்மா?” என்றார். அந்த முகத்தைப் பார்த்து உள்ளதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. “பாலத்துல மட்டும் கொஞ்சம் வழுக்குமாம் சார், மெதுவா போகச் சொன்னாரு” என்றேன்.

மெதுவாகத்தான் போனாள் லொரீன். பஸ் பக்கவாட்டில் சறுக்கிக் கைப்பிடிச் சுவரில் மோதி நின்றது. உள்ளே பதினோரு பிள்ளைகள். அவளுக்குக் கை முறிந்தது, சிலருக்கு உதடு கிழிந்தது. சுவர் தடுத்திருக்காவிட்டால் பஸ் ஓடைக்குள் போயிருக்கும்.

அன்று மதியம் ஹாவர்கேம்ப் அறையில் நீங்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு, “போகலாம்னு நான்தான் சொன்னேன். தப்பு என்னோடது” என்றீர்கள். என்னைப் பார்க்கவே இல்லை. நான் கதவருகே நின்றிருந்தேன், நின்றுகொண்டே இருந்தேன். இரவு சாப்பாட்டில் நீங்கள் பேசியது ஒன்றே ஒன்று: “உப்பை எடும்மா.” மூன்றாம் நாள் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பிவிட்டீர்கள். பத்தொன்பது குளிர்காலம் ஒரு தவறும் செய்யாத மனிதரை ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. கடையில் வரிசையில் நின்று அதையும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளி வாரியக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன், அப்பா. பேப்பரில் எழுதித்தான் வைத்திருந்தேன், ஆனால் அதை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன். நீங்கள் சொன்னது என்ன, நான் மாற்றிச் சொன்னது என்ன, இரண்டையும். முடிந்ததும் லொரீன் நேராக என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். “எனக்கு அன்னிக்கே தெரியும்டி. உங்கப்பன் வெண்டலுக்குப் பொய் சொல்ல வராது, காது செவந்துடும். உன் வாயிலேருந்து எப்ப வரும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்” என்றாள். பிறகு நல்ல கையால் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலித்தது.

என் வேலையைப் பற்றி அடுத்த மாதம் முடிவு செய்வார்களாம். அதுவரை போன் மேசை என்னுடையது. இதற்காகச் சித்தப்பாவிடம் புலம்ப வேண்டாம், இது நான் பட வேண்டியது. ஹாவர்கேம்ப் நேற்று என் மேசைக்கு வந்து நின்றார். “கூப்பிட்டா உங்கப்பா வருவாரா?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

உங்கள் வண்டியின் இஞ்சினை வாரம் இருமுறை ஓடவிட்டு வைக்கிறேன். சாவி அதே ஆணியில். ஞாயிறு மாலையிலிருந்து அரையடிப் பனி என்கிறார்கள். இந்த வாரம் இல்லாவிட்டால் அடுத்த வாரம், அதற்கும் அடுத்தது. மார்ச் வரை இங்கே பனிக்கு என்ன பஞ்சம்.

அப்பா, தினமும் ஐந்து மணிக்கு நான் போனுக்குப் பக்கத்தில் இருப்பேன். பாலத்திலிருந்து நீங்கள் கூப்பிட்டால், என்ன சொல்கிறீர்களோ அதை அப்படியே சொல்வேன். எதிரே யார் நின்றாலும், ஒரு வார்த்தை குறையாமல்.

முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
மார்சி