கத்தாத போன்

நவ. 2, திங்கள்
காலையில் தூறல். புத்தூரில் இருந்து ஸ்கூட்டியில் போய்ச் சேர்வதற்குள் சாறி அரைவாசி நனைந்துவிட்டது. பிரதேச செயலகத்தில் கூட்டம். பத்து மணி என்று சொல்லிப் பதினொன்றரைக்குத் தொடக்கம். கிராம சேவகர்கள், எங்கள் ஜி.எஸ்.மார் எல்லோரும் ஆஜர்.

விஷயம்: புயல், வெள்ளம் என்றால் இனிமேல் போனுக்கே எச்சரிக்கை வருமாம். அனர்த்தப் பிரிவுப் பொறுப்பாளர் விளங்கப்படுத்தினார். "நம்பர் தேவையில்லை, பதியத் தேவையில்லை. கோபுரத்துக்குக் கிட்ட நிக்கிற எல்லாப் போனும் ஒரேயடியாக் கத்தும். சைலன்ரிலை கிடந்தாலும் கத்தும்."

சத்தத்தைப் போட்டும் காட்டினார். முன்வரிசையில் இருந்த ஒரு ஜி.எஸ். ஐயா கதிரையோடு பின்னுக்குப் போனார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் எங்கள் வயதுக்காரருக்கு அந்தச் சத்தம் யுத்த காலத்துச் சைரன். இதைத் தெரிவு செய்தவர் பங்கருக்குள், அந்தப் பதுங்குகுழிக்குள், இருந்தவராக இருக்க முடியாது.

வியாழன் பத்து மணிக்குச் சோதனை. அதற்குள் வீடுவீடாகப் போய், பயப்பட வேண்டாம், சோதனைதான் என்று சொல்ல வேண்டும். துண்டுப் பிரசுரம் ஒரு கட்டு. தமிழ் எழுத்து எறும்பு அளவு.

மத்தியானம் நேற்றைய கத்தரிக்காய். மூக்கு ஒழுகுகிறது, தடிமன் வரும் போல.

நவ. 3, செவ்வாய்
வெயில். அரியாலைப் பக்கம், கடற்கரை ஒழுங்கைகள், சந்துபொந்தெல்லாம் நடை. செருப்பு அறுந்தது.

கேட்டவை:
"சாமத்திலை கத்துமோ?"
"கோயிலுக்குள்ளை கத்தினால் ஐயர் ஏசுவார்."
"நாங்கள் எங்கை நிக்கிறம் எண்டு ஆமிக்குக் காட்டத்தானே உது?" இதைக் கேட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல. இல்லை ஐயா, இல்லை அம்மா என்று சொல்லிச் சொல்லித் தொண்டை போய்விட்டது.

கடைசியாகப் பூமணி அக்கா வீடு. அவவின் புருஷன் தவராசா அண்ணை முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். தலையாட்டினார், அவ்வளவுதான். மனுசன் ஒருநாளும் கதைக்கிறதில்லை. தனிய வள்ளத்தில் போய் இறால் கூடு பார்த்துவிட்டு வருவார். வன்னியில் இருந்த காலத்தில் சைரன் கேட்டு எல்லோரும் பங்கருக்குள் ஓடினபோது மூத்த மகளைப் பறிகொடுத்தவர்.

அக்கா என்னைக் குசினிக்குள், அடுப்படிக்கு, கூட்டிக்கொண்டு போனா.

"பிள்ளை, உந்தச் சத்தம் இவரின்ரை போனிலை வரவேண்டாம். போன மாசம் ஒழுங்கைக்குள்ளை அம்புலன்ஸ் வர, மனுசன் கட்டிலுக்குக் கீழை போயிட்டுது. பின்னேரம் வரைக்கும் வெளியிலை வரேல்லை. மூத்திரமும் போட்டுது. அவருக்குச் சொல்லாதை. நிப்பாட்டி விடு."

மகன் சுதன் கொழும்பில் இருந்து குடுத்துவிட்ட பழைய போன். செற்றிங்ஸுக்குள் போய்ப் பார்த்தேன். சோதனையை மட்டும் நிறுத்தும் வழி தெரியவில்லை. அவசர எச்சரிக்கை என்று இருந்த எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஒரு நிமிஷ வேலை.

"வியாழக்கிழமை சோதினை முடிய வந்து திரும்பப் போட்டுவிடுறன் அக்கா."
"ஓம் பிள்ளை. நீ என்ரை குஞ்சு."

வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டியும் தந்தா. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனம் லேசாக இருந்தது. கன நாளைக்குப் பிறகு ஒரு மனுசருக்கு உதவின மாதிரி.

நவ. 5, வியாழன்
காலை ஒன்பதுக்குச் செயலகத்தில் இருந்து செய்தி. தாழமுக்கமாம், காற்றும் மழையும் வருமாம். சனம் குழம்பும் என்று சோதனை ஒத்திவைப்பு. புதிய திகதி பின்னர்.

நல்ல கதை. இரண்டு நாள் நடந்து சொன்னது நான். பத்து மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த சனமெல்லாம் பத்தேகாலுக்கு எனக்குப் போன் அடித்தார்கள். "பிள்ளை, எனக்கு வரேல்லை, போன் பழுதோ?"

பின்னேரம் மழை. தடிமன் வந்தேவிட்டது.

நவ. 9, திங்கள்
செய்ய:
– வதிவிட உறுதிப் பத்திரம் 4
– டெங்கு, ஆளில்லாத காணி வளவு இரண்டு
– மதகு அடைப்பு, பிரதேச சபைக்குக் கடிதம்
– பூமணி அக்கா வீடு, போன்
– செருப்பு
– வீட்டில் இவருக்கு இருமல் மருந்து (நெல்லியடியில் வாங்கச் சொன்னால் மறந்துவிட்டு வருவார். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற அறுபது பிள்ளைகளின் பெயர் ஞாபகம் இருக்கிறது, இது இல்லை.)

பின்னேரம் பூமணி அக்காவின் ஒழுங்கை முகப்பு வரை போனேன். ஒழுங்கைக்குள் வெள்ளம். புதுத் திகதி எப்படியும் வரும், இப்போது போட்டுவிட்டால் அன்றைக்கு மறுபடி நிறுத்த வர வேண்டும். சோதனை முடியவே போடலாம் என்று திரும்பினேன்.

நவ. 12, வியாழன்
எழுத ஏலாமல் இருக்கிறது. எழுதாவிட்டால் இன்னும் ஏலாது.

காலையில் வானம் வெளிப்பாகத்தான் இருந்தது. 10.40க்கு என் ஜி.எஸ். கந்தோரில் நின்ற ஆட்களின் எல்லாப் போனும் ஒன்றாகக் கத்தியது. கடல்நீரேரியில் பலத்த காற்று, கடலில் நிற்போர் உடனே கரைக்கு வரவும். சோதனை இல்லை, உண்மை. வெளியே வந்து பார்த்தேன், தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அரை மணித்தியாலத்தில் காற்று. வாசல் முருங்கை முறிந்தது.

முதலில் எனக்கு வந்தது பெருமை. அதை இங்கே எழுதத்தான் வேண்டும். வேலை செய்கிறதே, என்ரை சனம் தப்பிவிட்டதே என்று நினைத்தேன்.

11.30க்குக் கடற்றொழில் சங்கத் தலைவர் போன் அடித்தார். "மிஸ், எல்லாரும் கரை ஏறியிட்டினம். தவராசா மட்டும் இல்லை."

அப்போதுதான் நிறுத்திவிட்ட போன் ஞாபகம் வந்தது. 

மூன்று தரம் தவராசா அண்ணைக்குப் போன் அடித்தேன். மணி போனது. எடுக்கவில்லை.

மழைக்கோட்டோடு கரைக்குப் போனேன். ஆம்பிளைகள் நின்றார்கள். ஒருவர் சொன்னார்: "முந்தியெண்டால் கம்பிலை சேர்ட்டைக் கட்டி ஆட்டிக் கூப்பிடுவம் மிஸ். ஆளை விட்டிட்டு ஒருதரும் வராயினம். இண்டைக்கு எல்லாரின்ரை போனும் கத்தினது. அவனுக்கும் கத்தியிருக்கும்தானே எண்டு வந்திட்டம்."

பூமணி அக்கா தண்ணீர் விளிம்பில் நின்றா. என்னைப் பார்த்தா. 

நவ. 13, வெள்ளி
காற்று விட்டது. வள்ளம் கவிழ்ந்தபடி கிடைத்தது. ஆள் இல்லை. நேவியும் தேடுகிறது. சாப்பிடவில்லை. இவர் கஞ்சி வைத்துத் தந்தார், உப்புப் போட மறந்து. குடித்தேன்.

நவ. 14, சனி
நீரோரக் கண்டல் பற்றைக்குள் உடலை எடுத்தார்கள். காலை எட்டரை. அடையாளம் காட்டும்போது நான் நிற்க வேண்டும், அது என் வேலை. நின்றேன்.

கழுத்தில் நைலோன் கயிறு, அதில் சொப்பிங் பைக்குள் சுற்றிக் கட்டின போன். ஒரு துளி தண்ணீர் போகவில்லை. பொலிஸ்காரர் பொத்தானை அமத்த வெளிச்சம் வந்தது. எடுக்காத அழைப்பு மூன்று, மூன்றும் என்னுடையது.

பின்னால் நின்ற சனம்:
"கத்தக் கத்த நிண்டிருக்கிறான். இறால் ஆசை."
"குடிச்சிருப்பான்."
அந்த மனுசன் வாழ்க்கையில் குடித்ததில்லை. சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். பொலிஸ்காரரின் பதிவில் கையெழுத்துப் போட்டேன். என்னை எனக்கே பிடிக்கவில்லை.

நவ. 15, ஞாயிறு
செத்தவீடு. சுதன் விடியப் பஸ்ஸில் வந்திருந்தான். பறை, ஐயர், பந்தல், எல்லாம் சங்கம் பார்த்தது. சாம்பல் வானம், மழை இல்லை.

பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கும்போது நானும் குனிந்தேன். பூமணி அக்கா என் கழுத்தை இறுக்கினா. அழுகிறா என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். காதுக்குள் சொன்னா:

"நான் கேட்டதை ஒருதருக்கும் சொல்லிப்போடாதை பிள்ளை. பெடியன் என்னை விட்டிட்டுப் போயிடுவான். எனக்கு இனி அவன்தான்."

ஓம் என்றேன். 

நவ. 16, திங்கள்
அறிக்கை கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். படிவம். "இறந்தவருக்கு எச்சரிக்கை கிடைத்ததா? இல்லையெனில் காரணம்."

அனர்த்தப் பிரிவுப் பொறுப்பாளருக்குப் போன் அடித்தேன். "நெட்வேர்க் பிழை எண்டு எழுதி விடும் மிஸ். முடிஞ்சுது. ஏன் சும்மா இழுக்கிறியள்?"

அப்படி எழுதலாம். ஆனால் எழுதினால் சனம் அதை நம்பும். நாளைக்குக் கத்தும்போது, உது பிழையாக் கத்துது என்று கடலில் நிற்கும். அந்தக் கடற்கரையில் வாய் கிழியச் சொல்லித் திரிந்தது நான்தானே.

உண்மையை எழுதினால், யார் கேட்டு நிறுத்தினாய் என்று வரும். பூமணி அக்காவிடம் வரும்.

இவரிடம் எல்லாம் சொன்னேன். கன நேரம் இருமிவிட்டுச் சொன்னார்: "நீர் நல்லதுக்குத்தானே செய்தனீர்."

அதுதான் தாங்க முடியவில்லை. கெட்டதுக்குச் செய்திருந்தால் ஒரு முறையில் அழுதிருக்கலாம். போன திங்கட்கிழமை ஒழுங்கைக்குள் கணுக்கால் வெள்ளம். கணுக்கால்தான். சாறியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம்.

நவ. 17, செவ்வாய்
மழை. கந்தோருக்குப் போகவில்லை. படிவம் மேசையில். பெயர், முகவரி, வயது மட்டும் நிரப்பியிருக்கிறேன். தொழில்: கடற்றொழில்.

நவ. 19, வியாழன்
எட்டுச்செலவு, எட்டாம் நாள் படையல். போவதா விடுவதா என்று காலை முழுதும். போகாவிட்டால் அதுவும் கதையாகும். போனேன்.

படையல் முடிந்து ஆட்கள் கலைய, சுதன் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தான். கையில் தகப்பனின் போன்.

"அக்கா, எல்லாரின்ரை போனிலையும் வந்த சத்தம் அப்பான்ரையிலை வரேல்லை. கொம்பனிக்கு எழுதுவம் எண்டு உள்ளுக்குப் பாத்தன். ஆரோ நிப்பாட்டி வைச்சிருக்கு. அப்பாவுக்கு உதெல்லாம் தெரியாது. அம்மாவுக்குப் போன் எடுக்கவே தெரியாது."

பூமணி அக்கா குசினி வாசலில், கையில் தட்டத்தோடு. எங்களையே பார்த்தபடி.

"நான்தான் நிப்பாட்டினனான்," என்றேன்.

"அப்பா கேட்டவரோ?"

"இல்லை."

"அம்மா கேட்டவவோ?"

"ஒருதரும் கேக்கேல்லை தம்பி. நானாத்தான். சத்தத்துக்கு அவர் பயப்பிடுவார் எண்டு. திரும்பப் போட்டுவிடுறன் எண்டு நினைச்சு, போடேல்லை."

ஏசுவான் என்று நினைத்தேன். ஏசவில்லை. அடிப்பான் என்றுகூட நினைத்தேன். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பயந்தால் என்ன அக்கா," என்றான். "உயிரோடை பயந்திருப்பார்."

பூமணி அக்கா தட்டத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனா.  தான் கேட்டதை அவ சொல்லுவா என்று நான் எதிர்பார்த்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

செலவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன்.