பூச்சட்டிக்கு அடியில் சாவி

என்னங்க,

இன்னைக்குக் கம்பளையில எனக்குக் கூடைப்பந்து மேட்ச். நான் வேலை செய்ற கந்தோர் டீம் வேன் வர்ற நேரமாச்சு. நீங்க நல்லாத் தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல்ல. கோபமும் இன்னும் முழுசாப் போகல்ல.

பாணும் பருப்பும் மேசையில மூடி வச்சிருக்கேன். சம்பல் மகளுக்குக் காரம், அவளுக்கு வாழைப்பழம் கொடுங்க. பக்கத்து வீட்டு பாயிஸா வந்தா, பந்துக்குக் காத்தடிக்க அவகிட்ட இரவல் வாங்கின பம்பைக் கொடுத்துடுங்க. மோட்டர் சைக்கிள் சாவி வாசல் பூச்சட்டிக்கு அடியில இருக்கு.

நேத்து முற்றத்துல நான் மகளுக்குப் போட்ட பாஸ் ஒண்ணு விடாம, முன்னால நின்னு மறிச்சுப் பறிச்சீங்க. கள்ள ஆட்டம்னு கத்தினேன். நீங்களும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு, "எறியப் போற பக்கத்தை உன் கண்ணே காட்டிக் கொடுக்குது. அதுக்கு நான் என்ன செய்ய? இனி உன் மேட்சுக்கே வரமாட்டேன்"னு சொல்லிட்டுப் படுத்துட்டீங்க.

நீங்க சொன்னது சரிதான். விடிஞ்சதும் எழும்பி, கொய்யா மரத்தைப் பார்த்துக்கிட்டே செவத்துக்குப் பந்து எறிஞ்சு பழகினேன்.

மூணு மணிக்கு ஆட்டம். மகளையும் கூட்டிக்கிட்டு வாங்க.

தவமணி

(சாவியை எடுத்த பிறகு மறுபக்கம் படிங்க.)

மறுபக்கம்:
பூச்சட்டியத் தூக்கிப் பார்த்துட்டீங்களா? சாவி, மேசைப் பக்கத்துக் கதிரையில தொங்குற உங்க சட்டைப் பையிலதான் இருக்கு. இப்ப சொல்லுங்க, எறியப் போற பக்கத்தைக் காட்டிக் கொடுத்தேனா?