ஒழுகும் அறையில் ஒரு ஜெபம்

பிள்ளைகளின் அப்பாவுக்கு, ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

ஆண்டவருடைய ராஜ்யம் வரும், பொறுத்திரு என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறீர்கள். பொறுத்துப் பொறுத்து எனக்குத் தலையே வெடிக்கிறது. முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க ஆட்களைத் தூக்கிவிட்டு விடுதிக்கு வந்தால், இங்கே கூரை ஒழுகுகிறது. விடுதிக்காரரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஞாயிறு மாலை அறையில் ஜெபம். சமையல்கார அக்கா கண்ணை மூடி, "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்றார். அதே நேரம், எங்கள் அறைக்குப் புதிதாக வந்து காய்ச்சலில் படுத்திருந்த பெண்ணின் மேல் தண்ணீர் கொட்டியது. எனக்கு வந்ததே கோபம்! "எப்பதான் வரும்?" என்று கத்திவிட்டேன்.

அக்கா கண்ணைத் திறந்தார். "வர்றப்ப வரட்டும். நீ கட்டிலை அந்தப் பக்கம் புடி."

நனையாத இடம் என் மூலை ஒன்றுதான். அவளைக் கட்டிலோடு அங்கே நகர்த்திவிட்டு, மீதி ஜெபத்தை நின்றுகொண்டே முடித்தோம்.

பயப்படாதீர்கள், கட்டிலைத் தூக்கியதில் இடுப்பில் சின்னப் பிடிப்பு, அவ்வளவுதான். தைலம் ஒன்று அனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கிறது, ஆனால் அதில் நம் வீட்டு வாசனை இல்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ராஜ்யம் வரட்டும் என்று நீங்கள் ஆண்டவரிடம் கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள். அதுவரை கட்டிலை நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்.

உங்கள் பிள்ளைகளின் அம்மா