அம்மனுக்கு விட்ட சிகரெட்

அன்பும் கோபமும் சரிபாதியாக நான் வைத்திருக்கும் என் பெரியண்ணாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருசம், உங்கள் ஆட்டைத் திவசம் போன கிழமை முடிந்தது. ஐயர் நேரத்துக்கு வந்தார். நீங்கள் இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டீர்கள். உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியை உங்கள் மனுசி, என் மச்சாள், தானே வைத்தார், ஒருவரையும் அடுப்படிக்கு விடவில்லை. காலபோக நெல் விளைச்சல் பரவாயில்லை. வெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் யானை வந்து வரம்போரத்து வாழையெல்லாம் முறித்துப் போட்டுப் போனது. வெடி கொளுத்திப் போட்டும் அது திரும்பிப் பார்க்கவில்லையாம். ஒட்டுசுட்டான் பஸ் இப்போதும் தான் நினைத்த நேரத்துக்குத்தான் வரும். ஆனால் இதெல்லாம் சொல்வதற்காக நான் எழுதவில்லை.

எழுத வைத்தது கிணறு. உங்களுக்கும் எனக்கும் பங்காக, எல்லை வேலியின் நடுவில் நிற்கிற அதே கிணறுதான். அதை மண் போட்டு மூடவேண்டும் என்று மச்சாள் ஒற்றைக்காலில் நிற்கிறார். உங்களுக்குப் புற்றுநோயைத் தந்தது அந்தத் தண்ணீர்தானாம். பங்குக் கிணற்றில் பாதியை எப்படி மூடுவது, சொல்லுங்கள். வாய் சும்மா இருக்காமல், "மூடுறதெண்டால் உங்கடை பக்கத்தை மட்டும் மூடுங்கோ மச்சாள்" என்று சொல்லிப்போட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதிலிருந்து என்னோடு கதை பேச்சுக் குறைவு.

அவரைப் பிழை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. இங்கே பாதிப்பேர் கிணற்றுத் தண்ணீரைக் கைவிட்டுவிட்டார்கள். சந்தியில் வடிகட்டி விற்கிற தண்ணீரைப் பிளாஸ்ரிக் கானில் பிடித்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். யாருக்கு என்ன வந்தாலும் ஊர் "கிட்னி" என்றுதான் சொல்லும். அண்ணாவுக்கு வந்தது கிட்னியில் இல்லை, அதற்குக் கீழே சிறுநீர் தேங்கி நிற்கிற சலப்பையில் என்று நானும் வாய் நோகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் ஒரே தண்ணீர் ஓடுகிற இடம்தானே என்று முன்வீட்டு அக்கா ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிபோலத்தான் இருக்கிறது.

உங்கள் மகன் சுதன் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடித்து, சோதிக்கச் சொல்லி வவுனியாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். வந்த பதிலைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. கல்சியம் அளவுக்குக் கூடவாம். கொதிக்க வைத்துக் குடிக்கலாமாம், குடிக்காமல் விட்டால் இன்னும் நல்லதாம். சரி, வயலுக்கு அடிக்கிற மருந்து அதில் கலந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். அதை இங்கே பார்ப்பதில்லை என்றார்களாம். எங்களுக்குத் தெரியவேண்டிய ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் தெரிந்துவிட்டது.

அந்த மருந்தின் மேலும் எனக்குச் சந்தேகம்தான். சாரத்தை மடித்துக் கட்டி, மருந்துத் தாங்கியை முதுகில் போட்டுக்கொண்டு ஊர் வயலுக்கெல்லாம் கூலிக்கு அடித்தீர்கள். மூக்கைக் கட்டுங்கள் என்றால் மூச்சு முட்டுகிறது என்பீர்கள். முதுகு நனைந்து, அந்த மணத்தோடுதான் வீட்டுக்கு வருவீர்கள். அதற்கு முதல், கலியாணம் கட்டாத காலத்தில், வவுனியாவில் கராச்சில் நின்று மினிபஸ்களுக்குப் பெயின்ற் விசிறினீர்கள். அது எத்தனை வருசத்துக்குப் பிறகு வந்து பிடிக்கும்?

கடைசி யுத்த நேரத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பங்கருக்குள் புகையைக் குடித்தோம். மணலில் கிடங்கு வெட்டி, ஊறி வந்த உவர்த்தண்ணீரைப் பிள்ளைகளுக்கும் பருக்கி நாங்களும் குடித்தோம். உங்களோடு நானும் குடித்தேன், மச்சாளும் குடித்தார். எங்களுக்கு ஏன் வரவில்லை? இனித்தான் வருமா? யாரிடம் போய்க் கேட்பது?

முதன்முதலில் சிறுநீர் சிவப்பாகப் போனது என்று நீங்கள் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வெயிலில் நின்ற சூடு என்று நீங்களே முடிவு கட்டினீர்கள், நாங்களும் தலையாட்டினோம். இளநீர், ஊறவைத்த வெந்தயம், நெருஞ்சிமுள் அவித்த தண்ணீர், சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு. இரண்டொரு நாளில் தெளிந்துவிட்டது. நெருஞ்சியின் புகழைச் சந்திக்கடை வரைக்கும் கொண்டுபோய்ப் பரப்பினீர்கள்.

மாரி கழிந்து திரும்ப வந்தது. திரும்பவும் நெருஞ்சி, திரும்பவும் தெளிவு. இந்த நோய் வருத்தத்தில் இரத்தம் அப்படித்தான் நோவில்லாமல் வந்து வந்து நிற்குமாம். நின்றது எங்கள் மருந்தால் இல்லையாம். அதை யாழ்ப்பாணத்து டொக்டர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். இரத்தத்தைக் கண்டுவிட்டுச் சூடு என்று சொல்லாத ஒரு வீடு இந்தப் பக்கத்தில் இருக்கிறதா?

அந்த டொக்டர் பொறுமையான மனுசி. என்ன தொழில், எந்தத் தண்ணீர், சாயம் பெயின்ற் மாதிரியான வேலை ஏதும் செய்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் நீங்கள் பதில் சொன்னீர்கள். கடைசியில் சிகரெட் பற்றிக் கேட்டார். நீங்கள் வாய் திறக்க முதல் மச்சாள் முந்திக்கொண்டார். "அவர் அதை அம்மனுக்கு விட்டவர் டொக்டர். மகன் சின்னப்பிள்ளையா இருக்கேக்கையே விட்டவர்." பெருமையாகத்தான் சொன்னார். நீங்கள் நிலத்தைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், என்றாலும் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். சுதன் சின்னவனாக இருந்தபோது ஒருமுறை கடும் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தான். பிள்ளை எழும்பினால் இனிச் சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்தீர்கள். பிள்ளை எழும்பினான். வைகாசிப் பொங்கலுக்குக் குடும்பமாகப் போய், கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்தி, இருந்த பெட்டியை நசுக்கி எறிந்தீர்கள். மச்சாள் அதை எத்தனை பேருக்குச் சொல்லிப் பூரித்திருப்பார்!

கொஞ்சக் காலம் உண்மையாகவே விட்டிருந்தீர்கள், அது எனக்குத் தெரியும். பிறகு ஒரு பின்னேரம் என் குசினிக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த பக்கத்தில் புகை மணத்தது. என் மனுசன்தான் என்று நினைத்து ஏசிக்கொண்டு போனேன். குந்தியிருந்தது நீங்கள். "பிள்ளை, மச்சாளுக்குச் சொல்லிப்போடாதை" என்றீர்கள்.

அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. வயலால் வந்து நேரே என் வீட்டு வளவுக்குள் நுழைவீர்கள், சிகரெட் பத்துவீர்கள், வாயைக் கொப்பளித்துக் கொய்யா இலையைச் சப்பிக்கொண்டு வேலியில் இருந்த பொட்டு இடைவெளிக்குள்ளால் உங்கள் வீட்டுக்குப் போவீர்கள். தங்கச்சியில் இப்படியும் ஒரு பாசமா என்று ஊர் மெச்சியது. நான் கத்தாமல் இல்லை. கத்தினால், விடத்தான் பார்க்கிறேன், முடியாமல் கிடக்கிறது என்பீர்கள். அந்த முகத்தைப் பார்த்தால் எனக்குத் தேத்தண்ணீர் போட்டுத் தரத்தான் தோன்றும்.

மச்சாள் மருந்தெடுக்க வரிசையில் நின்ற நேரம் பார்த்து நான் திரும்ப டொக்டரிடம் போய், உண்மையைச் சொன்னேன். நெஞ்சுக்குள் போகிற புகைக்கும் கீழே கிடக்கிற சலப்பைக்கும் என்ன தொடர்பு என்றும் கேட்டேன். புகையில் உள்ள நஞ்சு இரத்தத்தில் கலக்குமாம், சிறுநீரகம் அதை வடித்து அனுப்புமாம், அது சலப்பையில் தேங்கி நிற்குமாம். தெரிந்த காரணங்களில் முதலாவது அதுதானாம். சில சாய வேலைகள், பெயின்ற் வேலைகள், சில இடங்களில் குடிதண்ணீரில் இருக்கிற ஆர்சனிக் நஞ்சு எல்லாம் அதற்குப் பிறகுதானாம். வயல் மருந்தைப் பற்றி இன்னும் திடமாகச் சொல்ல முடியாதாம்.

அப்படியானால் சிகரெட்டால்தான் வந்ததா என்று கேட்டேன். "ஒராளுக்கு இதாலைதான் வந்தது எண்டு விரல் நீட்டிச் சொல்ல எங்களாலை ஏலாது அம்மா" என்றார். கொண்டுபோன குழப்பத்தைவிடப் பெரிய குழப்பத்தோடு வெளியே வந்தேன். உங்கள் வார்டுக்கு அடுத்த வார்டில் இதே வருத்தத்தோடு ஒரு ரீச்சர் இருந்தார், அவர் வாழ்க்கையில் சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. என் மனுசனோ பெட்டி பெட்டியாக ஊதுகிறார், கல்லுப்போல இருக்கிறார். இதில் எதைப் பிடித்து நான் நம்புவது?

நீங்கள் போனபிறகும் நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் மச்சாள் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நேர்த்திக்கடனை மீறினார், அம்மன் தண்டித்துவிட்டா என்பார். மிச்ச நாளெல்லாம் அதையே நினைத்து உருகுவார். அதைவிட அவர் கிணற்றைத் திட்டிக்கொண்டு இருக்கட்டும் என்று விட்டேன். கிணற்றுக்கு ரோசம் இல்லைத்தானே.

ஆனால் சுதன் இருக்கிறானே, அண்ணா. உங்களுக்கு வருத்தம் முற்றிய காலத்தில் பழகினானோ, அதற்கு முதலோ தெரியாது. இந்த மாதம் ஒரு பின்னேரம் வாய்க்கால் கட்டின்மேல் குந்தி, சிகரெட் பத்திக்கொண்டு இருந்தான். என்னைக் கண்டும் எறியவில்லை. கொப்பர், உன்னைப் பெற்ற மனுசன், கிடந்த கிடையைப் பார்த்தும் உனக்கு இது வாயில் வைக்க மனம் வருகிறதா என்று பாய்ந்தேன். அவன் கோபப்படவே இல்லை. "அப்பா எனக்காக விட்டவர் மாமி. விட்டவருக்கே வந்தது. பிறகு விட்டென்ன, விடாட்டி என்ன?" என்றான்.

நீங்கள் சொன்ன பொய்யைத் தாய் நம்பினார், தாய் நம்பியதை மகன் பிடித்துக்கொண்டு ஊதுகிறான். வீட்டுக்கு வந்து என் மனுசனிடம் யோசனை கேட்டேன். செத்தவனை நிம்மதியாக விடு என்றார், கையில் சிகரெட்டோடு. இந்த மனுசனிடம் போய்க் கேட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

சொன்னால் பிள்ளையின் மனம் உடையும். அவன் உயிருக்கு வைத்த நேர்த்தி அல்லவா அது? சொல்லாவிட்டால் உங்கள் பெயரைச் சொல்லியே அவன் ஊதுவான். அடுத்த நாள் பின்னேரம் அதே வாய்க்கால் கட்டுக்குப் போனேன். "கொப்பர் விடேல்லைத் தம்பி. என்ரை வளவுக்கை வந்து பத்தினவர். படுக்கையிலை விழும் மட்டும் பத்தினவர்" என்று சொல்லிவிட்டேன்.

முதலில் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். அதற்குப் பிறகு அவன் கேட்டதுதான் என்னைக் கொன்றது. "அப்ப அம்மன் என்னை ஏன் விட்டு வைச்சவா மாமி?"

எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் என்று நீங்கள் என்னைக் கேலி செய்வீர்களே, அண்ணா. அன்றைக்கு இதைத்தான் சொன்னேன். "தெரியாது தம்பி. கொப்பருக்கு எதாலை வந்தது எண்டும் எனக்குத் தெரியாது. ஆனா விட்டவருக்கு வந்தது எண்டு மட்டும் இனிச் சொல்லாதை." அவன் எழும்பி வீட்டுக்குப் போய்விட்டான். போனவன் தாயிடமும் சொல்லிவிட்டான்.

விடிய மச்சாள் கிணற்றடிக்கு வந்தார். எத்தனை வருசமாகத் தெரியும் என்று கேட்டார். சொன்னேன். அம்மன் கதை வரப்போகிறது என்று நான் காத்துக்கொண்டு நிற்க, அவர் அம்மனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "பத்திறதுக்கு என்ரை வீட்டிலை ஒரு மூலை இல்லாமலோ போச்சு அந்த மனுசனுக்கு?" என்றார். அப்படியே கிணற்றுக் கட்டின்மேல் குந்தியிருந்து அழுதார். உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் அவர் அப்படி அழவில்லை. நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

கிணற்றைப் பிறகு பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். குடிக்கிறது இன்னும் கான் தண்ணீர்தான். கொழும்புக்கு அனுப்பி மருந்துக்கும் சேர்த்துச் சோதிக்க முடியுமா என்று சுதன் விசாரிக்கிறான். அவனை மூக்குக் கட்டாமல் தாங்கியைத் தூக்க நான் விடுவதில்லை, ஏசி ஏசியே கட்ட வைக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. சுதன் சேட்டுப் பொக்கற்றைத் தடவிக்கொண்டு என் வளவுப் பக்கம் வரத் தொடங்கினான். மச்சாள் கண்டுவிட்டார். ஏசவில்லை. முற்றத்தில் இரண்டு கதிரையை எதிரெதிராகப் போட்டு, ஒன்றில் தான் இருந்தார். "ஒருத்தற்றை வளவுக்கும் போக வேண்டாம். பத்திறதெண்டால் என்ரை முன்னாலை இருந்து பத்து" என்றார். அவன் இருந்தான். சிகரெட்டை வாயில் வைத்தான், நெருப்புக்குச்சியைக் கிழித்தான். மச்சாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். குச்சி எரிந்து விரலைச் சுட்டது. இன்னொன்று கிழித்தான், அதுவும் அப்படியே போனது. பிறகு சிகரெட்டைத் திரும்பப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

விட்டுவிட்டான் என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைக்கு எங்கே போய்ப் பத்துகிறானோ தெரியாது. உங்களை எது கொண்டுபோனது என்றும் எனக்குத் தெரியாது. தண்ணீரா, மருந்தா, பெயின்றா, புகையா, எல்லாம் சேர்ந்தா என்று சாகும்வரை கேட்டுக்கொண்டுதான் இருப்பேன் போல. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லுகிறேன், அண்ணா. இனி ஒருவருக்கும் என் குசினிப் பின்பக்கத்தில் ஒளிக்க இடம் கொடுக்கமாட்டேன். உங்கள் பிள்ளை வந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தாய்க்கு முன்னால் இருத்துவேன்.

நீங்களே வந்தாலும் அப்படித்தான் செய்வேன். வாருங்களேன்.

உங்களைக் காட்டிக்கொடுத்த
உங்கள் ஒரே தங்கச்சி
பவா