காற்றாடிச் சத்தம்

ஆவணி, வியாழக்கிழமை

மின்சாரம் இல்லாத கிளிவெட்டிச் சிகிச்சை நிலையத்துக்கு நான் வரைந்து கொடுத்த மின்சாரக் காற்றாடியும் சூரியத் தகடுகளும் முந்தாநாள் வேலை தொடங்கிவிட்டன. பொருட்கள் போக இராணுவம் பாஸ் கொடுத்தது, எனக்குக் கொடுக்கவில்லை. அங்கே மருத்துவிச்சியாக இருப்பவள் என் மனைவி தவமணி. சண்டையால் பாதை மூடி ஐந்து மாதம்.

பின்னேரம் அலுவலக ரேடியோவில் அவளுடைய குரல் வந்தது. என்னைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள்.

"பற்றரி பன்னிரண்டரை வோல்ட் காட்டுது. இரவு லைற் வெளிச்சத்திலதான் ஒரு பிள்ளை பிறந்தது. தாயும் சுகம்."

கேட்க எவ்வளவோ இருந்தது. "காத்து எப்பிடி?" என்று மட்டும் கேட்டேன்.

"பொழுதுபட்டாப் பலமா எழும்புது. காற்றாடிச் சத்தத்தில நித்திரை வருகுதில்லை."

"கம்பத்தை இறுக்கிவிடச் சொல்லவோ?"

"வேண்டாம், இருக்கட்டும். அது சுத்தேக்க நீங்கள் பக்கத்தில நிண்டு வேலை செய்யிற மாதிரிக் கிடக்கு."

நாலு பேரும் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். "ஓம்" என்றேன்.

இப்போது இரவு, மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசுகிறது. அவளும் இன்னும் நித்திரை கொண்டிருக்கமாட்டாள்.