திரும்பி வராத மெயிலு

ஐப்பசி 3, திங்க
தூத்தல். கொடில துணி காயல.
காதர் மாமா பத்து நாளா ரேடியோ குரூப்புல எழுதல. நேயருங்க நாப்பது பேருக்கும் ஒரே மெயில் முகவரி, அதுக்குப் போட்டா எல்லாருக்கும் போகும். கடைசியா, விடியக்காலம் தன் ரேடியோல எங்கயோ தூரத்து ஸ்டேஷன் பிடிச்சேன்னு எழுதுனாரு. ஸ்டேஷன் இல்ல, பக்கத்து வீட்டு மிக்ஸின்னு போட்டேன். அம்புட்டு பேரும் சிரிச்சாய்ங்க.
இன்னைக்கித்தான் ஒறைச்சது. அந்த ரேடியோ மாமி வாங்கிக் குடுத்தது. மாமி மவுத்தாகி வருசம்கூட திரும்பல.
போன் போட்டேன். எடுக்கல.

4, செவ்வா
குரூப்புலயே மன்னிப்பு கேக்கணும். நாலு பேரு முன்னாடி கேலி பண்ணிட்டு தனியாப் போயி என்ன கேக்குறது. ஒத்த வெரல்ல தட்டி அனுப்புனேன். எல்லாருக்கும் போறது எனக்கும் ஒண்ணு வரணும்ல.
வரல. திருவாதவூர்க்காரர் வயல்ல தண்ணி நிக்கிறத எழுதுனது டாண்ணு வந்துச்சு. என்னுது மட்டும் வரல. போய்ச் சேரலபோல. மறுபடி மொதல்லருந்து தட்டுனேன்.

5, புதன்
உளுந்து, ரேடியோ பேட்டரி, பல்பு.
இன்னம் மூணு தடவ. வரல. மாமா சொல்லி என்னைய நீக்கிட்டாய்ங்களோ.
வீட்டுக்காரி: "ஆறாங்கிளாஸ் பரிச்சைக்கு இம்புட்டு எழுதிருப்பீகளா?"
எழுதிருந்தா ஏழாங்கிளாஸ் போயிருப்பேன்டின்னேன்.
ஒவ்வொரு தடவையும் கொறைஞ்சுக்கிட்டே வருது. மொதல்ல மிக்ஸி ஜோக்க விட மனசில்ல. அப்பறம் அது போச்சு. 'தமாசுக்குத்தான்'னு எழுதுனதும் போச்சு.

6, வியாழன்
ஆறாவதும் வரல. ஏழாவது: "மாமா, தப்பு என்னுது. மாமி வாங்குன ரேடியோங்குறத மறந்துட்டேன்." அம்புட்டுத்தான்.
வரல.

7, வெள்ளி
வெயிலு. ஜும்மா முடிஞ்சு காதர் மாமா போன்.
"ஏன் மாப்ள, ஏழு வந்துச்சு. இன்னம் இருக்கா?"
எனக்கு ஒண்ணுகூட வரலயேன்னேன். சிரிச்சாரு பாரு, ரெண்டு வாரத்துச் சிரிப்பு. நாம அனுப்புனது ஒண்ணு நம்மகிட்டயே கெடக்குமாம். அதே குரூப்ப சுத்தித் திரும்பி வந்தா, இதான் இருக்கேன்னு மெயிலு ரெண்டாவது காட்டாதாம். மத்த முப்பத்தொம்போது பேருக்கும் ஏழேழு.
ஒருத்தனும் சொல்லலயேன்னேன்.
"நாந்தான் சொல்ல வேணாம்னேன். ஒவ்வொண்ணும் நல்லாயிக்கிட்டே வந்துச்சு. கடைசில அவளப் பத்தி எழுதுன பாரு..."
போன்ல அவரு ரேடியோ கரகரன்னு கேட்டுச்சு.

8, சனி
எட்டாவது போட்டேன். "மாமா, நேத்து போன்ல கேட்டது ஸ்டேஷனா, மிக்ஸியா?"
ஒரு தடவதான். வந்துச்சான்னு பாக்கல. போயிருக்கும்.